பாங்காக்கில் பொழுதோட ஒரு படகுச் சாப்பாடு: கொங்கு நாட்டிலிருந்து முதல்முறை போவோருக்கு

திருப்பூரிலிருந்து பனியன் வியாபாரமாகப் போகிறவர்கள், ஈரோட்டிலிருந்து ஜவுளிக் கண்காட்சிக்குப் போகிறவர்கள், கோவையிலிருந்து நாலு நாள் சுற்றுலாவாகக் குடும்பத்தோடு போகிறவர்கள் என எல்லோருடைய பயணத் திட்டத்திலும் ஒரு வரி தவறாமல் இருக்கும்: சாவ் பிரயா ஆற்றில் டின்னர் குரூஸ். போய்விட்டு வந்தவர்களைக் கேட்டால் பாதிப்பேர் சொல்வது இரண்டில் ஒன்று. "சாப்பாடு நமக்குச் சரிப்படலைங்க." அல்லது, "வரிசையில நின்னதுலயே நேரம் போயிருச்சு, கோயிலு எப்ப வந்துச்சு எப்பப் போச்சுன்னே தெரியலைங்க." இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். அதை ஓடுகிற ஓட்டலாக நினைத்து ஏறுகிறோம். ஆற்றைப் பார்க்கப் போகும் பயணம் அது. சாப்பாடு கூட வருகிறது. எப்போது தட்டை எடுப்பது, எப்போது கீழே வைப்பது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் அந்த இரண்டு மணி நேரமும் வீணாகாது.

எந்த மாதிரிப் படகு

மூன்று வகை இருக்கிறது. படத்தில் எல்லாம் ஒரே மாதிரி ஜொலிக்கும். ஏறிய பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

முதல் வகை, இரண்டு மூன்று தட்டுள்ள பெரிய கப்பல். சில நூறு பேர் ஏறுவார்கள். கீழ்த்தட்டு ஏசி, மேல்தட்டு திறந்தவெளி. பஃபே சாப்பாடு, மேடையில் ஒருவர் பாடுவார், சிலவற்றில் தாய்லாந்து நடனமும் உண்டு. முதல்முறை போகிறவர்களுக்கும் குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கும் இதுவே தோதானது. கழிப்பறை, ஏசி, பலவகைச் சாப்பாடு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

இரண்டாவது, நெல் ஏற்றிய பழைய மரப்படகைச் சாப்பாட்டுப் படகாக மாற்றியது. தேக்குமரம், தாழ்ந்த வளைவான கூரை, கொஞ்சம் பேர்தான். சாப்பாடு மேசைக்கே வரிசையாக வரும். இரைச்சல் கிடையாது, தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். விலை கூடுதல். கணவன் மனைவி இருவர் மட்டும் போவதானால் இதைத்தான் சொல்வோம். ஆனால் சைவமா அசைவமா என்று பதிவு செய்யும்போதே எழுதிக்கொடுக்க வேண்டும். ஏறிய பிறகு மாற்ற வழியில்லை.

மூன்றாவது, இந்தியச் சாப்பாட்டுப் படகு. நான், பருப்பு, பனீர், பிரியாணி, இந்திப் பாட்டு, டிஜே. சாப்பாட்டுக் கவலை பெருமளவு தீரும் என்பது உண்மை. ஆனால் சமையல் வடநாட்டுச் சமையல். ரசத்தையும் சோற்றையும் எதிர்பார்த்து ஏறாதீர்கள். பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரோடு பேசக்கூட முடியாத படகுகளும் உண்டு. வயதான அப்புச்சி, அமுச்சியைக் கூட்டிக்கொண்டு போனால் ஸ்பீக்கருக்குத் தள்ளி மேசை வேண்டும் என்று முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்

பெரிய கப்பல்களில் ஒருவருக்கு ஏறத்தாழ 1000 முதல் 2000 பாட் (தாய்லாந்துப் பணம்) வரை போகும். விலையை ஒப்பிடும்போது ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் சேவைக் கட்டணம் 10 சதவீதமும் வரி 7 சதவீதமும் அதன்மேல் ஏறும். 1200 என்று போட்டு இரண்டு கூட்டல் குறி இருந்தால், 120 சேர்ந்து 1320, அதற்கு 7 சதவீதம் சேர்ந்து 1412 பாட்டுக்குமேல் ஆகிவிடும். நாலு பேருக்கு ஏறக்குறைய 850 பாட் வித்தியாசம். "எல்லாம் சேர்த்து" என்று போட்டிருக்கும் 1350 பாட் சீட்டு, 1200 போட்ட சீட்டைவிட மலிவு.

குழந்தைகளுக்குச் சில படகுகளில் வயதை வைத்து விலை, சிலவற்றில் உயரத்தை வைத்து. உயரம் என்றால் துறையிலேயே அளப்பார்கள். பையன் வயதுக்கு மீறி வளர்ந்தவனாக இருந்தால் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவுச் சீட்டில் ஐந்து விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: படகின் பெயர், ஏறும் துறையின் பெயர், எந்தத் தட்டு, வந்து சேர வேண்டிய நேரம், சைவக் குறிப்பு. இதில் துறையின் பெயரில்தான் அதிகம் பேர் ஏமாந்து நிற்கிறார்கள். ரிவர் சிட்டி, ஐகான்சயாம், ஏசியாட்டிக் என ஆற்றோரத்தில் இருக்கும் மூன்று கடை வளாகங்களின் துறைகளிலிருந்து படகுகள் கிளம்புகின்றன. ஒரே நிறுவனத்துக்கே இரண்டு துறைகள் இருக்கும். ஐகான்சயாம் மேற்குக் கரை, மற்ற இரண்டும் கிழக்குக் கரை. தவறான துறையில் போய் நின்றால் கடைசிப் பத்து நிமிடத்தில் ஆற்றைத் தாண்டி ஓட முடியாது.

குடிக்கும் பானங்கள் பெரும்பாலும் தனிக் கணக்கு. தண்ணீர்ப் பாட்டில் சேர்ந்ததா என்று கேட்டுவிடுங்கள். மது வேண்டுவோருக்கு அங்கே சட்டப்படி 20 வயது நிறைந்திருக்க வேண்டும். மின்சிகரெட் தாய்லாந்தில் முழுக்கத் தடை. படகில் என்றில்லை, பையில் வைத்திருப்பதே வம்பு.

நாளும் நேரமும்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு, காற்று இதம். மேல்தட்டு எடுக்க இதுவே காலம். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். மழை அங்கே பெரும்பாலும் பொழுதோடதான் பிடிக்கும், அரைமணி முக்கால்மணி கொட்டிவிட்டு விட்டுவிடும். அந்த மாதங்களில் ஏசித் தட்டில் மேசை போட்டுக்கொண்டு, வானம் தெளிந்தால் மேலே போய் நிற்பதே நல்லது. மேல்தட்டு மேசை எடுத்தவர்கள் மழை வந்தால் கீழே இறங்க வேண்டும். கீழே இடம் நிறைந்திருந்தால் படிக்கட்டோரம் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஏப்ரல் நடுவில், நம் சித்திரை ஒன்றாம் தேதியை ஒட்டி, அவர்களுக்கும் சொங்கிரான் புத்தாண்டு. நவம்பரை ஒட்டி வரும் பௌர்ணமியில் லோய் கிராத்தோங்: வாழைத்தண்டு வட்டத்தில் வாழையிலை மடித்து, பூவும் ஊதுபத்தியும் மெழுகுவத்தியும் வைத்து ஆற்றில் விடுவார்கள். ஆடிப்பெருக்கன்று பவானி கூடுதுறையிலும் கொடுமுடியிலும் நிற்கிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கூட்டம்தான். அந்த இரவில் படகு வேண்டுமானால் பல வாரம் முன்பே பதிவு செய்ய வேண்டும், விலையும் ஏறியிருக்கும்.

நேரத்தில் இரண்டு வகை. சூரியன் சாயும்போது கிளம்புவது ஒன்று, ஏழு ஏழரைக்குக் கிளம்புவது இன்னொன்று. டிசம்பரில் அங்கே 6 மணிக்கு முன்பே பொழுது விழுந்துவிடும், ஜூலையில் 6.45 தாண்டும். விளக்கொளியில் கோயில்களைப் பார்க்க வேண்டும் என்றால் ஏழரைப் படகு. வயதானவர்கள், சின்னக் குழந்தைகள் கூட இருந்தால் முந்தியது.

நம் வயிறு இதில் ஒரு சிக்கல். பாங்காக் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே 7.30 என்றால் நம் உடம்புக்கு 6 மணி. போன முதல் நாள், இரண்டாம் நாள் அந்த நேரத்தில் பசியே எடுக்காது. பஃபேக்குக் கட்டிய பணம் வீண் என்று தோன்றும். மதியச் சாப்பாட்டை அங்கத்திய 12.30க்குள் முடித்து, பிறகு இளநீரோடு நிறுத்திக்கொண்டால் ஏழரைக்குச் சாப்பிட முடியும். விடியற்காலை விமானத்தில் இறங்கிய அன்றைக்கே படகு வேண்டாம். பாட்டுக் கச்சேரிக்கு நடுவே மேசையில் தலைசாய்த்துத் தூங்குகிற குடும்பத்தை ஒவ்வொரு படகிலும் பார்க்கலாம்.

துறைக்குப் போவது

சுகும்வித் பக்கம் அறை எடுத்தவர்கள் டாக்சியில் கிளம்பாதீர்கள். சாயங்காலம் 5லிருந்து 7 வரை அந்த ரோடு, அவிநாசி ரோட்டு நெரிசலைச் சாதாரணமாக்கிவிடும். மேலே ஓடும் பிடிஎஸ் ரயிலில் சயாம் நிலையம் வரை போய், அங்கே சீலோம் தடத்துக்கு மாறி, சபான் தாக்சின் நிலையத்தில் இறங்குங்கள். இரண்டாம் எண் வாசல் வழியாகக் கீழே வந்தால் எதிரிலேயே சாத்தோர்ன் படகுத்துறை. அங்கிருந்து ஐகான்சயாமுக்கும் ஏசியாட்டிக்குக்கும் இலவசப் படகு ஓடுகிறது. வரிசைகள் தனித்தனி, பலகை பார்த்து நில்லுங்கள். ஐகான்சயாம் போக இன்னொரு வழி, குருங் தோன்புரி நிலையத்தில் மாறி, தங்கத் தடம் என்கிற குட்டி ரயிலில் சாரோன் நக்கோன் நிலையத்தில் இறங்குவது. கடையின் வாசலிலேயே விடும்.

படகு கிளம்பும் நேரத்துக்கு 45 நிமிடம் முன்பு துறையில் இருங்கள். படகு ஒருவருக்காகவும் காத்திருக்காது. ஆற்றில் அதற்கென்று நேரம் உண்டு, பின்னால் அடுத்த படகு துறைக்காகக் காத்து நிற்கும்.

சாத்தோர்ன் துறையைச் சுற்றி, படம் போட்ட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு "போட், போட்" என்று கூப்பிடுகிறவர்கள் விற்பது பெரும்பாலும் நீளவால் படகுச் சவாரி. அது கெட்டதல்ல, ஆனால் நீங்கள் பதிவு செய்தது அதுவல்ல. சீட்டை அவர்களிடம் நீட்டி வழி கேட்காமல், உங்கள் படகின் பெயர் போட்ட மேசையைத் தேடிப் போங்கள்.

மேசையிலிருந்து படகு வரை

அங்கே போனில் உள்ள சீட்டைக் காட்டினால் சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கரும் மேசை எண்ணும் கொடுப்பார்கள். ஒரே நேரத்தில் நாலைந்து படகுகளுக்குக் கூட்டம் நிற்கும்போது ஆட்களைப் பிரித்து அனுப்ப அந்த ஸ்டிக்கர்தான் அடையாளம். பட்டுச்சேலையில் ஒட்டினால் பசை பிடிக்கும். கைப்பையிலோ போன் உறையிலோ ஒட்டிக்கொள்ளுங்கள். எண்ணைப் படம் எடுத்து எல்லோர் போனுக்கும் அனுப்பிவிட்டால், கழிப்பறைக்குப் போன ஆள் மேசை தெரியாமல் அலைய வேண்டியதில்லை.

ஏறும் வழியில் ஒருவர் உங்களை நிறுத்திப் படம் எடுப்பார், அல்லது தாய்லாந்து உடை போட்ட பெண்கள் பக்கத்தில் நிற்பார்கள். இறங்கும்போது அந்தப் படத்தைச் சட்டம் போட்டு விற்க வருவார்கள். வாங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னால் போதும்.

படகில் காலெடுத்து வைக்கும் இடத்தில் மட்டும் அவசரம் கூடாது. துறையின் கடைசி மேடை மிதவை. வேறு படகு ஒன்று பக்கத்தில் கடந்தால் அதன் அலை வந்து மிதவையையும் படகையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும். ஒரு கால் மேடையிலும் ஒரு கால் படகிலும் இருக்கும்போது இடைவெளி ஒரு சாண் விரிந்து சுருங்கும். விழுகிறவர்கள் அந்த நொடியில்தான் விழுகிறார்கள். படகுக்காரர் கை நீட்டும்வரை நில்லுங்கள். இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். பை தோளில், போன் பைக்குள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாண்டாமல், முதலில் ஒருவர் ஏறிக்கொண்டு குழந்தையை வாங்குங்கள். சேலை கட்டியவர்கள் மட்டும் கொசுவத்தை இடது கையில் பிடித்துக்கொள்ளலாம். குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம், தட்டை அடி போதும். சில நேரம் உங்கள் படகு வெளிப்பக்கம் கட்டியிருக்கும், வேறொரு படகுக்குள் நுழைந்து கடந்துதான் போக வேண்டும். இதே படகுதான் என்று முதல் படகிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள்.

மேல்தட்டுப் படிக்கட்டு செங்குத்தாக இருக்கும், கழிப்பறை பெரும்பாலும் கீழே. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மேல்தட்டு மேசை எடுத்தால் ஒவ்வொரு தடவையும் ஏறி இறங்க வேண்டும். அவர்களுக்குக் கீழ்த்தட்டு ஜன்னலோரமே சரி.

எந்தப் பக்கம் உட்காருவது

இடதா வலதா என்று மேசைக்காகச் சண்டை போடுவதைப் பார்க்கலாம். தேவையே இல்லை. படகு ஆற்றின் எதிர்த்திசையில் வடக்கே போய், ராமா 8 பாலத்தருகே திரும்பி, அதே வழியாகத் தெற்கே வருகிறது. போகும்போது இடப்பக்கம் தெரிந்தது வரும்போது வலப்பக்கம் தெரியும். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் எல்லாமே ஒருமுறை உங்கள் முன்னால் வரும். கேட்டு வாங்க வேண்டியது ஓரத்து மேசை. நடுவரிசையில் மாட்டினால் பிறர் முதுகைத்தான் பார்க்க வேண்டும். பின்பக்கம் வேண்டாம், எஞ்சின் அதிர்வும் டீசல் வாடையும் அங்கே. மேடைக்கு நேர் எதிரும் வேண்டாம். முன்மூக்கில் காட்சி அருமை, ஆனால் எதிர்க்காற்றில் சாப்பாடு ஐந்து நிமிடத்தில் ஆறிப்போகும்.

குமட்டல் வருமோ என்ற பயம் பலருக்கு. இது கடலல்ல. வால்பாறைக் கொண்டை ஊசி வளைவு தாங்குகிறவர்களுக்கு இது ஒன்றுமில்லை. அப்படியும் ஒத்துக்கொள்ளாதவர்கள் கீழ்த்தட்டின் நடுப்பகுதியில் உட்காரலாம்; ஆட்டம் அங்கே மிகக் குறைவு.

ஆறு எந்த வரிசையில் வரும்

இதை மனதில் பதித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக அமையும். ரிவர் சிட்டி அல்லது ஐகான்சயாமிலிருந்து 7.30க்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். ஏசியாட்டிக்கிலிருந்து என்றால் இன்னும் இருபது நிமிடம்போலக் கூட்டிக்கொள்ளுங்கள். நீரோட்டத்தைப் பொறுத்து ஐந்து பத்து நிமிடம் முன்பின் ஆகும்.

முதல் பத்து நிமிடம் இரு கரையும் ஓட்டல் கட்டடங்கள், வலப்பக்கம் சீனாக்காரர் கடைவீதிப் பகுதி. இந்த நேரத்தில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. தட்டு எடுக்க இதுதான் நேரம்.

அடுத்து ஒட்டினாற்போல இரண்டு பாலங்கள். பிரா போக் கிலாவ் பாலமும், 1932இல் திறந்த நினைவுப் பாலமும். நினைவுப் பாலம் தாழ்வு. மழைக்கால முடிவில் ஆறு நிறைந்து, கடலேற்றமும் சேரும்போது படகின் கூரைக்கும் பாலத்துக்கும் இடையே மிகக் கொஞ்சமே இடம் இருக்கும். மேல்தட்டில் இருப்பவர்கள் எழுந்து நிற்கவோ, செல்ஃபிக் குச்சியைத் தூக்கவோ கூடாது.

பாலம் தாண்டியதும் வலப்பக்கக் கரையை ஒட்டி உள்ளே பாக் குலோங் பூ மார்க்கெட். சத்தியமங்கலத்து மல்லிகையைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஊர் மல்லிகை மொக்கு மாலைகள் புதிதாக இருக்காது. நெருக்கிக் கோத்து, அடியில் ஒரு குஞ்சம் விட்டிருப்பார்கள். இடப்பக்கம் ஒரு சிவந்த குவிமாடம் தெரிந்தால் அது சாந்தா குரூஸ் தேவாலயம், போர்ச்சுகீசியர் குடியேறிய இடம். அதைத் தாண்டி உயரமான கூரையோடு வாட் கல்யாணமித் கோயில்.

கிளம்பி ஏறத்தாழ இருபதாவது நிமிடம், இடப்பக்கம் வாட் அருண். இதற்குத்தான் வந்தோம். இங்கே கையில் தட்டு இருக்கக்கூடாது. நடுக் கோபுரத்தில் பீங்கான் துண்டுகளையும் சிப்பிகளையும் சுண்ணாம்பில் பதித்திருக்கிறார்கள். தூரத்தில் வெள்ளையாகத் தெரிவது, நெருங்கினால் பச்சையும் நீலமும் மஞ்சளுமாகப் பிரியும். இரவு விளக்கில் அந்த நிறங்கள் தெரிவது மிகக் கொஞ்ச நேரம்தான், படகு நேர் எதிரே வரும் அந்த இரண்டு மூன்று நிமிடம். பெயருக்கு விடியலின் கோயில் என்று அர்த்தம். அருணன் என்ற நம் சொல்தான்.

உடனே தலையை வலப்பக்கம் திருப்புங்கள். அரண்மனை. முதலாம் ராமா மன்னர் 1782இல் தலைநகரத்தை ஆற்றின் கிழக்குக் கரைக்கு மாற்றியபோது கட்டத் தொடங்கியது. மதிலுக்கு மேலே பொன்னிறக் கூர்முனைகள் மட்டும் தெரியும்.

பிறகு பின்கிலாவ் பாலம், வலப்பக்கம் கரையோரப் பூங்காவில் வெள்ளைவெளேர் என்று பிரா சுமேன் கோட்டை, கடைசியாக ராமா 8 பாலம். 2002இல் திறந்தது. ஒரே ஒரு தூண், அதிலிருந்து மஞ்சள் கம்பிவடங்கள் வீணை நரம்புபோல இறங்குகின்றன. படகு இங்கே திரும்பும்போது ஒரு நிமிடம் ஆடிக் குலுங்கும். தம்ளரைப் பிடித்துக்கொள்ளுங்கள், கையில் சூப்போடு நடக்காதீர்கள்.

திரும்பி வரும்போது எல்லாம் ஒருமுறை மீண்டும் வரும். முதலில் தவறவிட்டவர்களுக்கு இதுவே இரண்டாவது வாய்ப்பு. பல படகுகள் கிளம்பிய துறையைத் தாண்டித் தெற்கே ஏசியாட்டிக் ராட்டினம் வரை போய்த்தான் திரும்பும்.

கோயில்களுக்கு இடையில் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்காமல் தண்ணீரைப் பாருங்கள். ஒரு சின்ன இழுவைப் படகு, முனகிக்கொண்டே, பின்னால் தடிக் கயிற்றில் மூன்று நாலு பெரிய சரக்குப் படகுகளை இழுத்துப் போகும். சரக்கு நிறைந்த படகு விளிம்பு வரை தண்ணீரில் அமிழ்ந்திருக்கும். கடைசிப் படகின் பின்முனையில் ஒரு தகரக் குடில், ஒற்றை விளக்கு, கொடியில் துணி, வாசலில் ஒரு நாய். அந்தக் குடும்பத்துக்கு அதுதான் வீடு. மழைக்காலமானால் ஆகாயத்தாமரை திட்டுத்திட்டாக மிதந்து வரும், உக்கடம் குளத்திலும் சூலூர்க் குளத்திலும் நாம் பார்த்துப் பார்த்து அலுத்த அதே செடி. வடக்கே நக்கோன் சவானில் பிங் ஆறும் நான் ஆறும் கூடித்தான் சாவ் பிரயா ஆகிறது, பவானியும் காவிரியும் நமக்குக் கூடுகிற மாதிரி. அந்த ஆறு நகரத்துக்கு நடுவே வந்தும் சரக்கையும் ஆட்களையும் இன்னும் சுமக்கிறது. கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவே ஓடும் நொய்யலின் நிலை தெரிந்தவர்களுக்கு இதைப் பார்க்கையில் நெஞ்சு கொஞ்சம் கனக்கும்.

முடிந்தால் முந்தின நாள் பகலில் ஆரஞ்சுக் கொடிப் படகில் ஒருமுறை இதே வழியாகப் போய்வாருங்கள். ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகும் படகு, கட்டணம் மிகக் குறைவு. பகலில் அடையாளம் பார்த்து வைத்தால் இரவில் எது எங்கே வரும் என்று யாரையும் கேட்க வேண்டாம்.

தட்டு

நம்மூர்க் கல்யாணத்தில் முதல் பந்திக்கு அடிக்கிற கூட்டம்தான் இங்கும். படகு கட்டவிழ்த்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுவார்கள். மேசைக்கு ஒருவர் காவல், இருவர் போய் எல்லோருக்கும் சேர்த்து எடுத்துவருவது வேகமானது. எல்லோரும் சாலட் பக்கம் வரிசை பிடிப்பார்கள். மறுமுனையில் சுடச்சுட இருப்பது காலியாக இருக்கும். இறால், நண்டு முதலில் தீரும், அதனால் வேண்டியவர்கள் முதல் சுற்றிலேயே அதை எடுங்கள். வாட் அருண் வருவதற்குள் ஒரு சுற்று. ராமா 8 பாலம் திரும்பிய பிறகு இரண்டாவது. அப்போது வரிசையே இருக்காது. பழமும் இனிப்பும் கடைசியில்.

கவுச்சி சாப்பிடாதவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தாய்லாந்துச் சமையலில் உப்புக்குப் பதில் மீன்சாறு. காய்கறிப் பொரியல் என்று எழுதியிருக்கும், உள்ளே மீன்சாறோ சிப்பிச்சாறோ இருக்கும். பச்சைக் குழம்பில் காய்தான் மிதக்கும், அரைத்த மசாலாவில் இறால் விழுது. பப்பாளிக்காய் சாலடில் காய்ந்த இறாலும் வேர்க்கடலையும்; கடலை ஒத்துக்கொள்ளாதவர்களும் இதைத் தொட வேண்டாம். "வெஜிடேரியன்" என்றால் பலர் இறைச்சித் துண்டு இல்லாதது என்றுதான் புரிந்துகொள்வார்கள்.

சொல்ல வேண்டிய சொல் "ஜே". மாமிசம், மீன், முட்டை, பால் எதுவும் இல்லாதது, பூண்டுகூடக் கிடையாது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் எழுதியிருப்பார்கள். நம் கண்ணுக்கு 17 என்ற எண் மாதிரியே இருக்கும். "மை சை நாம் பிலா" என்றால் மீன்சாறு போடாதீர்கள். பன்றி "மூ", மாடு "நுவா", மீன் "பிலா", இறால் "குங்". கோழி "கை". முட்டைக்கும் நம் காதில் ஏறக்குறைய அதே ஒலிதான் விழும், அதனால் இவற்றை மட்டும் படம் காட்டிக் கேளுங்கள். புரட்டாசி விரதத்தில் இருப்பவர்கள் பஃபேயை நம்பாமல், பதிவின்போதே தனிச் சைவத் தட்டு கேட்டு, உறுதிக் கடிதத்தில் வந்ததா என்று பாருங்கள்.

சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. தோம் யாம் சூப்பில் மிதக்கும் எலுமிச்சைப்புல் தண்டு, அரத்தைத் துண்டு, இலை ஆகியவை வாசத்துக்கு மட்டும்; கறிவேப்பிலைபோல ஒதுக்கிவிடுங்கள். சின்னச் சிவப்பு மிளகாய் காந்தாரிக்குச் சளைத்ததல்ல.

கடைசியில் மாம்பழமும் பசையரிசிச் சோறும் இருந்தால் விடாதீர்கள். ஆவியில் வெந்த பசையரிசியில் இனிப்பும் துளி உப்பும் சேர்ந்த தேங்காய்ப்பால் ஊற்றி, பக்கத்தில் பழுத்த மாம்பழம். சந்தகைக்குத் தேங்காய்ப்பால் பிழிந்து ஊற்றிச் சாப்பிட்டு வளர்ந்த வாய்க்கு அது ஒரு வாயிலேயே பழகிவிடும். வேறு எதையும் தொடாத அமுச்சிகூட இதைச் சாப்பிடுவார்.

வெளிச்சாப்பாடு கொண்டுபோகப் பெரும்பாலும் விடமாட்டார்கள். கைக்குழந்தைக்கு என்றால் சொல்லிவிட்டு வைத்துக்கொள்ளலாம். தயிர் கிடைக்காது, தயிர்ச்சோறு இல்லாமல் முடியாதவர்களுக்கு 5.30க்கே அறையில் கொஞ்சம் கொடுத்துக் கூட்டிவாருங்கள்.

படம் எடுப்பது

ஃபிளாஷ் வேண்டாம், கரைவரை எட்டாது. கோபுரத்தின் வெளிச்சமான இடத்தில் விரலால் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். இல்லாவிட்டால் கோபுரம் வெள்ளைத் திட்டாக வரும். ஏசித் தட்டிலிருந்து எடுத்தால் லென்சைக் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள், உள்விளக்கு பிரதிபலிக்காது. கம்பிக்கு வெளியே போனை நீட்டினால் மணிக்கட்டில் வார் மாட்டியிருக்கட்டும். விழுந்தால் யாரும் எடுத்துத்தர முடியாது.

இறங்கும்போது

பானங்களின் பில்லைப் படகு துறையை நெருங்குவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே கேளுங்கள். கட்டும் இடத்துக்கு வந்துவிட்டால் நூறு பேரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். சில்லறையாகப் பாட் நோட்டுகள் வைத்திருங்கள். பில்லில் சேவைக் கட்டணம் போட்டிருந்தால் தனியாக டிப்ஸ் கட்டாயமில்லை. மேசையைக் கவனித்துக்கொண்டவருக்கு விருப்பப்பட்டதைக் கையில் கொடுக்கலாம்.

கட்டும்போது படகு துறையில் லேசாக மோதும். முழுதாகக் கட்டிய பிறகு எழுங்கள். எந்தத் துறையில் இறக்குகிறார்கள் என்பதையும் ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்பதரைக்கு எல்லாப் படகும் ஒரே வேளையில் ஆளை இறக்கும். வாசலில் நிற்கும் டாக்சிகள் மீட்டர் போட மறுத்து மொத்தமாக ஒரு தொகை கேட்கும். வந்த வழியே ரயிலில் திரும்புவதுதான் எளிது. பிடிஎஸ் நள்ளிரவு வாக்கில்வரை ஓடுகிறது. சாத்தோர்னுக்குக் கடைசி இலவசப் படகு எத்தனை மணிக்கு என்பதைப் போகும்போதே பலகையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காரில்தான் போவோம் என்றால் பத்து நிமிடம் கடையின் உள்ளே உட்கார்ந்து, கூட்டம் கலைந்த பிறகு கிராப் என்கிற டாக்சிச் செயலியில் கூப்பிடுங்கள். ஏறும் இடமாகத் துறையைப் போடாமல், மெயின் ரோட்டுப் பக்கத்து வாசலைப் போடுங்கள்.